மெனிஃபெஸ்டில் இரண்டு பொதி, அனுப்பியது மூன்று பெட்டி

களுதாவளையூரான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தோஹாவில் வேலை செய்யும் என் தம்பி, சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் வந்து சேர வேண்டும் என்ற கணக்கில் மூன்று பெட்டிகளைக் கப்பல் வழியாக அனுப்பியிருந்தான். பலருடைய பெட்டிகளை ஒன்றுசேர்த்து ஒரே கொள்கலனில் அடுக்கி அனுப்பும் கார்கோ கடை ஒன்றில்தான் அவற்றை ஒப்படைத்தான். அங்கே நிறுத்தபோது பெட்டிகள் முறையே 34, 26, 22 கிலோகிராம் இருந்ததாகக் கையால் எழுதிய பற்றுச்சீட்டில் உள்ளது. வருடப்பிறப்பும் வந்து போய்விட்டது. கப்பல் கொழும்பை அடைந்துவிட்டது என்ற செய்தி நேற்றுத்தான் கிடைத்தது.

செய்தியோடு ஒரு தாளின் படத்தையும் கொழும்பு முகவரின் அலுவலகம் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. அதை மெனிஃபெஸ்ட் என்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட அந்தத் தாளில் என் பெயருக்கு நேரே பொதிகள் 2 என்றும், மொத்த எடை 82 கிலோகிராம் என்றும், பொருள் விபரம் என்ற இடத்தில் பாவித்த வீட்டுப் பொருட்களும் சொந்த உடைமைகளும் என்றும் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, மெனிஃபெஸ்டில் உள்ளதுதான் கணக்கு, அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

மெனிஃபெஸ்ட் என்பது உண்மையில் யார், யாருக்காக எழுதும் ஆவணம்? தம்பியின் பற்றுச்சீட்டில் மூன்று என்றும் இதில் இரண்டு என்றும் இருந்தால் எது செல்லும்? அதைத் திருத்த வேண்டுமானால் நானே நேரில் போய்த் திருத்தலாமா? இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், ஒரு பகலை அங்கே கழித்து, வெறுங்கையுடன் திரும்பும் நிலை வரக்கூடாது என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

கல்லடி எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி, நான் கொழும்பில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் 19 ஆண்டுகள் இந்த மெனிஃபெஸ்ட் மேசையிலேயே இருந்தவன். ஓய்வு பெற்று இப்போது கல்லடியில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியுள்ளது, ஏனென்றால் உங்களுக்கு அனுப்பப்பட்ட தாளை மெனிஃபெஸ்ட் என்று சொன்னவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பற் சரக்கில் முதலில் பிறப்பது பில் ஒஃப் லேடிங் என்னும் பத்திரம். துறைமுகத்தில் அதைப் பி.எல். என்றே சொல்வோம். சரக்கைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு அது பற்றுச்சீட்டு. இன்ன இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்ற ஒப்பந்தத்துக்குச் சான்று. வணிகச் சரக்கானால் அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவரே சரக்குக்கு உரிமை கோரக்கூடிய உரிமைப் பத்திரமும் அதுவே. விமானத்தில் வரும் பொதிக்கு எழுதப்படும் எயார் வேபில்லுக்கு இந்த மூன்றாவது குணம் கிடையாது. ஆக, பி.எல். என்பது அனுப்புகிறவருக்கும் ஏற்றுகிறவருக்கும் இடையிலான விவகாரம்.

மெனிஃபெஸ்ட் அவ்வாறானதல்ல. ஒரு துறைமுகத்தில் இறக்கவேண்டிய சரக்குக்குரிய எல்லாப் பி.எல்.களின் சாரத்தையும் வரி வரியாக ஒரே பட்டியலில் சேர்த்து, இந்தக் கப்பலில் இவ்வளவுதான் உள்ளது என்று ஏற்றி வருபவர் அரசுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் அது. வந்து சேர்ந்த கப்பலின் தலைவர் தம் கப்பலையும் அதன் சரக்கையும் பற்றிச் சுங்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற கடப்பாடு, நம் நாட்டில் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்று தாளில் கொடுத்தார்கள். இன்று கப்பல் வருமுன்னரே சுங்கத்தின் அசிகுடா கணினித் தொகுதியில் பதிவேற்றுகிறார்கள். அந்த வாக்குமூலத்தில் நீங்களோ உங்கள் தம்பியோ ஒரு தரப்பினர் இல்லை. ஆகவே அதை நீங்கள் திருத்த முடியாது. எழுதிக் கொடுத்தவரே காரணங்காட்டி விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தித் திருத்த வேண்டும்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரிவதில்லை. கப்பல் நிறுவனத்தின் மெனிஃபெஸ்டைத் தேடி எடுத்தாலும் அதில் உங்கள் பெயர் இருக்காது. உங்கள் தம்பியைப் போல நூறு பேரிடம் பெட்டி வாங்கிய கார்கோ கடைக்காரர், கப்பல் நிறுவனத்திடம் ஒரு முழுக் கொள்கலனை ஒப்படைக்கிறார். அதற்கு மாஸ்டர் பி.எல். என்ற ஒரே பத்திரம் கிடைக்கிறது. அதில் கொள்கலன் ஒன்று, முத்திரை இலக்கம் இன்னது, உள்ளே இத்தனை பொதிகள் இருப்பதாகக் கூறப்படுகிறது என்று எழுதியிருக்கும். அந்தக் கூறப்படுகிறது என்ற சொல்லைக் கவனியுங்கள். பூட்டி முத்திரையிட்டு வந்த கொள்கலனைக் கப்பற்காரர் திறந்து எண்ணவில்லை, எனவே உள்ளே இருப்பதற்கு அவர் சாட்சி சொல்வதில்லை. அந்த ஒரு மாஸ்டர் பி.எல்.லைக் கொழும்பிலுள்ள முகவர் நூறு ஹவுஸ் பி.எல்.களாக, அதாவது கார்கோ கடை ஆளுக்கு ஒன்றாக எழுதிய பத்திரங்களாக, பிரித்துச் சுங்கத்துக்கு மீண்டும் ஒரு பட்டியல் கொடுக்கிறார். உங்களுக்கு வந்தது அந்த இரண்டாவது பட்டியல். எனவே, இரண்டு என்ற எண்ணை எழுதியவர் கப்பற்காரர் அல்லர்; தோஹாவில் உங்கள் தம்பியின் பெட்டியைப் பொறுப்பேற்ற அதே கடையில், பற்றுச்சீட்டு எழுதியவருக்கு அடுத்த மேசையில் இருந்தவர் அதை எழுதியிருக்க வேண்டும்.

கொள்கலன் களஞ்சியத்தில் திறக்கப்படும்போது பொதிகளை எண்ணிக் குறிக்கும் எழுதுவினைஞர் ஒருவர் இருப்பார். அவர் எழுதுவதை டெலி என்பார்கள். பட்டியலும் டெலியும் ஒத்துப்போக வேண்டும். பட்டியலில் உள்ளது இறங்காவிட்டால் குறைவு, பட்டியலில் இல்லாதது இறங்கினால் மிகுதி. இரண்டுக்கும் முகவர் விளக்கம் சொல்ல வேண்டிவரும். மிகுதியைத்தான் சுங்கம் அதிகம் சந்தேகிக்கும், ஏனென்றால் கள்ளச் சரக்கு நுழையும் வழி அதுதான்.

முதலில் உங்கள் ஹவுஸ் பி.எல்.லின் பிரதியை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். மற்றவற்றை அதைப் பார்த்தபின் பேசலாம்.

அக்கரைப்பற்று லொறிக்காரர் எழுதியது:

ஐயா சொன்னதெல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் பிரதி கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் பெட்டி போய்விடும். நான் கொழும்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே பொதி ஏற்றி வாழ்பவன். பட்டியலில் இரண்டு என்றால் இரண்டைத்தான் தருவார்கள். மூன்றாவது ஒரு மூலையில் கிடந்து, களஞ்சிய வாடகை ஏறி, கேட்பாரற்ற பொருளென்று ஏலத்துக்குப் போகும். நாளைக்கே கொழும்புக்குப் போய் முகவரின் மேசைக்கு முன்னால் அமர்ந்து, மூன்று என்று திருத்தும்வரை எழும்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை. எங்கள் லொறிச் சீட்டில் ஒரு பொதி குறைந்தால் சாரதியின் சம்பளத்தில் கழிக்கிறார்கள். கப்பற்காரருக்கு மட்டும் ஏன் சலுகை?

கல்லடி எழுதுவினைஞர் எழுதியது:

லொறிக்கார அண்ணனின் கோபம் நியாயமானது. ஆனாலும் தம்பி, அவர் சொன்னபடி இப்போதைக்குச் செய்துவிட வேண்டாம். இன்று காலை உங்கள் கேள்வியை மீண்டும் வாசித்தபோது, முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய ஒன்றை நான் தவறவிட்டது தெரிந்தது. 34, 26, 22 ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 82 வருகிறது. பட்டியலிலும் 82 என்றே இருக்கிறது. ஒரு பெட்டி ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

பெட்டிகளில் இரண்டைப் பிளாஸ்டிக் பட்டியால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொதி என்பது பெட்டி அன்று. ஒரே தடவையில் தூக்கக்கூடியதாகக் கட்டப்பட்ட ஒன்றே பொதி. இந்தச் சொல்லைப் பற்றி உலகெங்கும் நீதிமன்றங்களில் எவ்வளவோ வழக்காடியிருக்கிறார்கள். கப்பற் சரக்குக்கான ஹேக்–விஸ்பி என்னும் சர்வதேச விதிகளின்படி சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ கப்பற்காரரின் பொறுப்பு பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோகிராம் ஒன்றுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது கூடியதோ அதுவரைதான். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அப்படியானால் மரத்தட்டு ஒன்றில் அடுக்கிக் கட்டிய நாற்பது பெட்டிகள் ஒரு பொதியா நாற்பது பொதியா என்பதில் எவ்வளவு பணம் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். பத்திரத்தில் எப்படி எண்ணி எழுதியிருக்கிறதோ அப்படியே கணக்கு என்று அந்த விதிகளே கூறுகின்றன.

இந்த நிலையில் நீங்கள் சண்டை பிடித்து மூன்று என்று திருத்திவிட்டால், டெலி எழுதுபவர் இரண்டு என்று குறித்து வைத்திருப்பார். சரியாக இருந்த கணக்கில் நீங்களே ஒரு குறைவை உண்டாக்கி, இல்லாத ஒரு பொதியைத் தேடி அலைவீர்கள். பெட்டிகளை ஒப்படைத்தபோது எடுத்த படம் ஏதாவது தம்பியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருதமுனைக் கப்பலோட்டி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சரக்குக் கப்பல்களில் வேலை செய்பவன். இப்போது விடுப்பில் ஊரில் இருக்கிறேன். கரையிலிருந்து எழுதுபவர்கள் பொதியின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். கப்பலில் இருப்பவர்களான எங்களுக்கு உறக்கத்தைக் கெடுப்பது எண்ணிக்கையன்று, அந்தப் பொருள் விபரம் என்ற கட்டம்தான்.

ஒரு துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் எந்தெந்தப் பட்டியல்களைக் கொடுக்க வேண்டும் என்பதை, நாட்டுக்கு நாடு வேறுபடாமல் ஒழுங்குபடுத்தியது 1965இல் உருவான கடற்போக்குவரத்து வசதிப்படுத்தல் உடன்பாடு. அதற்கு முன் ஒவ்வொரு துறைமுகமும் தன் விருப்பப்படி தாள் கேட்டது. பொது அறிவிப்பு, சரக்கு, கப்பற் கையிருப்பு, மாலுமிகளின் உடைமைகள், மாலுமிகள், பயணிகள், அபாயகரமான பொருட்கள் என ஏழு படிவங்கள் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். 2024 ஜனவரி 1 முதல் இவற்றைத் தாளாகக் கொடுக்காமல், ஒரே மின்னணு வாயில் வழியாக அனுப்பும் ஏற்பாட்டை உறுப்பு நாடுகள் செய்திருக்க வேண்டும்.

இவற்றில் கடைசியாகச் சொன்ன அபாயப் பட்டியலின் அருமை இலங்கைக் கரைக்கு நன்றாகத் தெரியும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 81 அபாயகரமான பொருட்களைக் கொண்டவை. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அவற்றுள் அடங்கும். அமிலம் கசிந்த கொள்கலனை, உங்கள் தம்பி இருக்கும் கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் பின்னர் இந்தியாவின் ஹசீராவிலும் இறக்க முயன்றும் முடியவில்லை. கரையில் குவிந்த பிளாஸ்டிக் மணிகளையும் கடலில் கரைந்த மற்றவற்றையும் இன்னதென்று அறிவதற்கு, எரிந்து தாழ்ந்த கப்பலின் சரக்குப் பட்டியலைத்தான் எல்லோரும் தேடினார்கள்.

பாவித்த வீட்டுப் பொருட்களும் சொந்த உடைமைகளும் என்ற வரிக்குள் நம் ஆட்கள் எதைத்தான் வைப்பதில்லை! வாசனைத் திரவியம் ஐ.நா. இலக்கம் 1266இன் கீழ் வரும் எளிதில் தீப்பற்றும் திரவம். கருவியோடு சேர்ந்த லித்தியம் அயன் மின்கலம் 3481. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் இவ்விரண்டும் இல்லாதிருந்தால் அதிசயம். சொல்லி ஏற்றினால் சொன்னதற்கேற்ற இடத்தில் அடுக்குவார்கள். சொல்லாமல் ஏற்றினால் அடுப்புக்குப் பக்கத்திலும் இருக்கக்கூடும், எங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பியிடம் இதையும் கேட்டு வையுங்கள்.

பயணிகளின் பட்டியலைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் ஒரு சொல். 1987 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் டோனா பாஸ் என்ற கப்பல் எண்ணெய்க் கப்பலொன்றுடன் மோதியபோது, பட்டியலில் இருந்தோர் சுமார் 1,500 பேர். இறந்தோர் 4,000க்கும் மேற்பட்டோர் என்பது பின்னர் வந்த கணக்கு. புறப்படுமுன் கப்பலில் உள்ள அனைவரையும் எண்ண வேண்டும், தேடுதலுக்குத் தேவையான பெயர் விபரம் கரையிலும் இருக்க வேண்டும் என்று கடலில் மனித உயிர்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்பாடு வற்புறுத்துவது இப்படியான நிலை வராமலிருக்கத்தான். மண்டூருக்குப் போகக் குருமண்வெளித் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். மோட்டார் சைக்கிள்களை எண்ணிக் காசு வாங்குவார்கள். ஏறியவரின் பெயரை எழுதிக்கொண்டதை நான் கண்டதில்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மடிந்தபின், துறையில் நிற்கும்போதெல்லாம் இந்த நினைவு வந்துவிடுகிறது.

உன்னிச்சை வாசகி எழுதியது:

கப்பலோட்டி நானா பயணிகளின் பட்டியலைத் தொட்டதால் நானும் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறியது. அதற்கு முன் தமிழ்நாட்டில் எந்த ஊர் என்பதை அறிய எனக்கு நெடுநாள் ஆசை. தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதில் பாக்கியசாலிகள். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் சேர்ந்த துரூரோ முதல் 1911இல் அந்த முறை நின்றதுவரை, ஏறத்தாழ 1,52,000 பேருக்குக் கப்பல் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு இலக்கம், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளக் குறி என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. சரக்கை எழுதுவது போலத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இன்று ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இலங்கைக்கு வந்தவர்கள் கடலைக் கடந்தது குறுகிய தூரம். அந்த ஒப்பந்த முறையும் இங்கே இல்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் மூலம் வந்தார்கள். 1901இல் தொடங்கிய தகர டிக்கெட் முறையில் ஆளுக்கு ஒரு தகரத் தகடு கொடுத்தார்கள். அதில் பொறிக்கப்பட்டது போய்ச் சேரவேண்டிய மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும். பொதியில் ஒட்டும் முகவரிச் சீட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. போகும் இடம் அதில் உண்டு, புறப்பட்ட ஊர் இல்லை. களுதாவளை அண்ணன் தன் பெட்டிகளின் தாள்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

களுதாவளையூரான் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எழுதுவினைஞர் ஐயா சொன்னபடியே ஹவுஸ் பி.எல்.லின் பிரதியைக் கேட்டேன். முதல் நாள் இல்லை என்றார்கள், அடுத்த நாள் அனுப்பினார்கள். அதிலும் பொதிகள் 2, எடை 82 என்றே இருந்தது. தம்பியின் தொலைபேசியில் கடைவாசலில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பெரிய பெட்டி தனியாகவும், 26, 22 கிலோகிராம் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மஞ்சள் பட்டியால் கட்டப்பட்டும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. பற்றுச்சீட்டு எழுதிய பிறகு கடைப் பையன் கட்டினானாம். தம்பிக்கு அது நினைவிலேயே இல்லை. அக்கரைப்பற்று அண்ணனின் சொல்லைக் கேட்டுப் போயிருந்தால் முகவருடன் வீணாக மல்லுக்கட்டியிருப்பேன்.

கப்பலோட்டி நானாவின் கேள்விக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 22 கிலோகிராம் பெட்டியில் துவாய்களுக்கு நடுவே நான்கு செண்ட் போத்தல்களை அவன் வைத்திருந்தான். இனி அப்படி வைக்க வேண்டாம் என்று கடுமையாகவே சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனேன். களஞ்சியத்தில் இரண்டு பொதிகளும் பட்டியலில் உள்ளபடியே இருந்தன. சுங்க அதிகாரி பார்வையிடுவதற்காக மஞ்சள் பட்டியை வெட்டி இரண்டு பெட்டிகளையும் பிரித்தார்கள். திரும்பக் கட்ட அங்கே யாரும் இல்லை. அப்படியே களுவாஞ்சிக்குடிக்கு வரும் லொறியொன்றில் ஏற்றினேன். லொறிக்காரர் எழுதித் தந்த சீட்டில் பொதிகள் 3 என்று இருக்கிறது.